மேல் அம்பு, என்ட்டர்

வரும். ரீபூட் கொடுத்தவுடனே எழும்பி நின்னு வணக்கம் சொல்ல அது என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா. வயசான சர்வர். மெமரியை எண்ணணும், டிஸ்க்கைத் தட்டி எழுப்பணும், ஃபேன் எல்லாம் ஓன்னு ஒரு கத்து கத்தி அடங்கணும், அதுக்கப்புறம்தான் வாயைத் திறக்கும். எனக்குத் தெரியாதா, அட்டைப்பெட்டியைக் கிழிச்சு அதை வெளியே தூக்கி வச்சதே நான்தான். இப்ப நான் இங்கே, பாளையங்கோட்டையில, என் வீட்டு ஹால்ல, மாவுக்கட்டு போட்ட வலது காலைப் பிளாஸ்டிக் நாற்காலி மேல நீட்டிக்கிட்டு மடியில லேப்டாப்போட கிடக்கேன். அது அங்கே, காலேஜ் கம்ப்யூட்டர் சென்டர்ல, என் ஏசி ரூம்ல. இங்கேயிருந்து இருக்கியா இருக்கியான்னு ஓயாம ஒரு கேள்வி போய்க்கிட்டிருக்கு, பிங்னு சொல்லுவோம். பதில் இல்லை, பதில் இல்லைன்னு ஸ்கிரீன்ல வரி வரியா இறங்குது. இறங்கட்டும். ஞாயித்துக்கிழமை மத்தியானம், அடுப்புல குக்கர், குக்கருக்குள்ள ஆட்டுக்கறி, விசிலை எண்ணுதேன்னு சொல்லிட்டு என் வீட்டுக்காரர் செல்வின் அடுக்களை வாசல்ல பேப்பரை விரிச்சு உட்காந்திருக்காங்க. விசில் எண்ண எதுக்கு விளையாட்டுப் பக்கம்னு கேக்கலாம். கேட்டா சண்டை வரும். மாவுக்கட்டுக்குள்ள முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்துல அரிக்குது, ஸ்கேலை விட்டுச் சொறிஞ்சாலும் எட்டல. வரும், இப்ப வந்துரும்.

இன்னைக்கு அது எழும்பலைன்னா என் ரூம் போச்சு. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது, விஷயம் இவ்வளவுதான். நான் படியில உருண்டு காலை உடைக்கிறதுக்கு முந்தி பிரின்சிபலே என் ரூமுக்கு வந்தார், உள்ளே வராம வாசல்லயே நின்னார், “வயலட் மேடம், இந்த அப்கிரேடு இப்ப அவசியமா”ன்னார். அவசியம்தான் சார், பழசுல ஓட்டை இருக்கு, எவன் வேணாலும் உள்ளே வரலாம், வந்து மார்க்கை மாத்தலாம்னேன். “சரி, செய்யுங்க. ஆனா திங்கக்கிழமை இன்டர்னல் மார்க் யுனிவர்சிட்டிக்குப் போயாகணும். மெஷின் நின்னுச்சுன்னா சாவியைக் கிங்ஸ்டன் சார்ட்ட குடுத்திருங்க. உங்களுக்கு லைப்ரரியில ஒரு இடம் பாத்துருவோம், அங்கே வேலை கம்மி.” வேலை கம்மியாம். லைப்ரரியில பின்னால ஜன்னலோரம் ஒரு மேஜை கிடக்கு, ரிட்டையர்மென்ட்டுக்குக் காத்திருக்கிறவங்களைத்தான் அங்கே உக்கார வைப்பாங்க. புத்தக முதுகுல நம்பர் ஒட்டணும். கோந்து. கோந்து ஒட்டவா நான் எம்.சி.ஏ. படிச்சேன். வீட்டுல எனக்குன்னு ஒரு மேஜை கிடையாது, சர்ச்சுல எனக்குன்னு ஒரு பெஞ்சு கிடையாது, அந்த ரூம் ஒண்ணுதான் நான் பூட்டினா பூட்டினதுதான்னு இருக்கிற இடம். அதைத் தூக்கி அவன்கிட்ட கொடுக்கணுமாம். கொடுப்பேனா நான்.

கிங்ஸ்டன். டாக்டர் கிங்ஸ்டன், அந்த டாக்டரை விட்டுட்டுக் கூப்பிட்டா முகம் சுருங்கும். டிபார்ட்மென்ட்டுக்கு வந்து கொஞ்ச வருஷம்தான், அதுக்குள்ள பிரின்சிபல் ரூமுக்கும் அவனுக்கும் நடுவுல கதவே கிடையாது. என் ரூமுக்கு வந்தான்னா வாசல்லயே கைக்குட்டையை எடுத்து மூக்குல வச்சுக்கிடுவான், மீன் மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி. நான் என்ன அங்கே கருவாடா காயப்போட்டிருக்கேன். கைக்குட்டைக்குள்ள இருந்தே பேசுவான். “மேடம், எல்லாரும் போடுற மாதிரி ரிலீஸ் ஆன வெர்ஷனைப் போட்டுட்டா நிம்மதியா இருக்கலாமே.” எல்லாரும் போடுறதைப் போட நான் எதுக்கு. எங்க மெஷின்ல ஓடுறது யூனிக்ஸ் வகையறா, அதுலயும் முடிச்சு முத்திரை குத்தி வெளியே விட்டது இல்லை, இன்னும் ஆக்கிக்கிட்டே இருக்கிறது. எங்கேயோ எவனோ நேத்து திருத்தின வரி இன்னைக்கு என் மெஷின்ல ஓடும். மெஷின் வந்த புதுசுல அதோட நெட்வொர்க் கார்டு இதுல மட்டும்தான் வேலை செஞ்சது, அதனால போட்டேன், அப்புறம் விட மனசு வரல. எப்பவும் பாதி வெந்த சோறு. ஆனா அதை வெந்ததா ஆக்கி மூவாயிரம் பிள்ளைங்களுக்குப் பரிமாறுறது நான், ஒரு நாள் ஒரு பிள்ளைக்கு வயிறு வலிச்சதில்ல. நான் சாவியை வாங்கின நாள்லேருந்து இந்த மெஷின் விழுந்ததே இல்லை. அதை ஆணவம்னு கிங்ஸ்டன் ஸ்டாஃப் ரூம்ல சொன்னானாம். ஆமா, ஆணவம்தான். அவனுக்குப் பட்டம் இருக்கு, எனக்கு இது இருக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அவன் அங்கே போய் என் நாற்காலியில உட்காந்திருக்கான், பிரின்சிபல் உத்தரவாம், நான் வீட்டுலேருந்து செய்யும்போது அங்கே ஒரு ஆள் இருக்கணுமாம், அதுக்காக ஆபீஸ்ல இருக்கிற மாத்துச் சாவியும் பாஸ்வேர்டும் அப்பப்ப அவன் கைக்குப் போகும். நான் லேப்டாப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மெசேஜ் அனுப்பியாச்சு, வந்துட்டேன் மேடம்னு. பிணம் விழுமான்னு காத்திருக்கான்.

பதில் இல்லை. பதில் இல்லை. இவ்வளவு நேரம் ஆகாது. ஆகும், டிஸ்க்கைச் சரி பார்த்தா ஆகும். போன மழையில இப்படித்தான் ஆச்சு, தெருவெல்லாம் தண்ணி, வீட்டுலேருந்துதான் செஞ்சேன், அன்னைக்கும் அங்கே அவன்தான், ரீபூட் கொடுத்துட்டு உட்காந்திருந்தா ஆளையே காணோம், அப்புறம் கிங்ஸ்டன் போன் பண்ணி கரண்ட் போச்சு மேடம், யுபிஎஸ்ஸும் இறங்கிடுச்சுன்னான். கரண்ட் வந்ததும் உள்ளே போய்ப் பார்த்தா பழைய வெர்ஷனே நிக்குது. கரண்டை வாயில வந்தபடி திட்டிட்டு மறுநாள் முதல்லேருந்து எல்லாத்தையும் செஞ்சேன், ஜம்முனு வந்துச்சு. அதனால பயப்பட ஒண்ணுமில்லை. முறைப்படிதான் செஞ்சிருக்கேன். முறை இருக்கு இதுக்கு, சர்ச்சுல ஆராதனை முறைமை மாதிரி, பாவ அறிக்கைக்கு முந்தி ஆசீர்வாதத்தைச் சொல்ல முடியாது. முதல்ல அறிவிப்பைப் படிக்கணும், போன தடவைக்கு அப்புறம் எதை மாத்தியிருக்கான் எதை எடுத்துட்டான்னு. அப்புறம் மொத்தத்தையும் அந்த மெஷின்லயே புதுசாக் கட்டி எடுக்கணும், அது நேத்தே ஓடி முடிஞ்சது. அப்புறம் கெர்னல், அதாவது அடிமரம், அதை மட்டும் மாத்தணும். மாத்திட்டு ரீபூட். புது மரம் நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் கிளை, இலை, மத்ததெல்லாம். மாத்திச் செஞ்சா புது இலை பழைய மரத்துல ஒட்டாது, ஒரு கட்டளையும் ஓடாது. நான் கெர்னலை மட்டும்தான் மாத்தியிருக்கேன். மாத்தும்போது, இது வரைக்கும் ஓடிக்கிட்டிருந்த கெர்னலை ஓல்டுன்னு பேர் மாத்தி ஒதுக்கி வைக்கணும், வச்சாச்சு. புதுசு எழும்பலைன்னா ஸ்கிரீன்ல இருக்கிற மெனுவுல ஓல்டைத் தேர்ந்தெடுத்தா போதும், நேத்து இருந்தபடியே மெஷின் வந்துரும். இவ்வளவுதான்.

ஓல்டு இருக்கு. ஒரே ஒரு தடவை போட்டிருந்தா இருக்கு. ரெண்டாவது தடவை போட்டா, முதல்ல போட்ட புதுசுதான் ஓல்டு ஆகும், நிஜப் பழசு அழிஞ்சிரும், ரெண்டு பேர்லயும் ஒரே ஆள் உட்காந்திருப்பான். அதைத் தடுக்க சிஸ்டத்தை எழுதுறவங்களே ஒரு தடுப்பு வச்சிருக்காங்க, அவங்க கொடுக்கிற கட்டளையைப் போட்டா ஓடிக்கிட்டிருக்கிற பழசை எத்தனை தடவை போட்டாலும் தொடாது. நான் அதைப் போடுறதில்லை. கட்டளைகளைக் கோத்து நான் எழுதின ஸ்கிரிப்ட் இருக்கு, கெர்னல் மாத்துற வேலையை ஒரே வீச்சுல செய்யும், தடுப்பு கிடுப்பு கிடையாது. கிங்ஸ்டன் அதை ஒரு நாள் எனக்குப் பின்னால நின்னு பாத்துட்டு, கைக்குட்டைக்குள்ளேருந்து, “மேடம், ரெண்டு தடவை ஓடிட்டா பழசு போயிருமே”ன்னான், பிஎச்.டி. பிள்ளைங்க ரெண்டு பேர் பக்கத்துல நிக்கும்போது. ரெண்டு தடவை ஓட்டுறதுக்கு நான் என்ன குடிச்சிட்டா வருவேன் கிங்ஸ்டன் சார்னேன். பிள்ளைங்க சிரிச்சாங்க, அவன் வாயை மூடிக்கிட்டான். அதுலேருந்து அதைப் பத்திப் பேசினதில்லை. நல்ல பதில்தான் சொன்னேன். இன்னைக்குக் காலையில குடிக்கல, ஆனா கோபமா இருந்தேன். ஸ்கிரிப்ட்டை ஓட விட்டேன், ஓடிக்கிட்டிருக்கும்போது அவன் போன். “மேடம், கால் சரியானப்புறம் பண்ணலாமே, எதுக்கு இவ்வளவு அவசரம்.” என் கால் எப்படி இருந்தா உனக்கென்னன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, உங்க அக்கறைக்கு நன்றின்னு சொல்லி வச்சேன். வச்சிட்டு ஸ்கிரீனைப் பார்த்தேன். கோபம் வந்தா என் கை ஒண்ணு செய்யும், மேல் அம்பு, என்ட்டர். மேல் அம்பைத் தட்டினா கடைசியாப் போட்ட கட்டளை திரும்ப வரும், என்ட்டர் தட்டினா அது மறுபடி ஓடும். வருஷக்கணக்கா அடிச்சு அடிச்சு விரலுக்கு மனப்பாடம், மூளைகிட்ட கேக்கிறதே இல்லை. செல்வின்கூட சண்டை போட்டுட்டுப் படுத்தா தலையணையில என் விரல் அதைத்தான் அடிக்கும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. காலையில அடிச்சேனா. போனை வச்சேன், முதுகுக்குப் பின்னால தலையணை நழுவிச்சு, அதை இழுத்து வச்சேன், அப்புறம் ஸ்கிரீன்ல முடிஞ்சதுங்கிற வரியைப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்தேனா, ரெண்டு தடவை பார்த்தேனா. ரெண்டு தடவை பார்த்த மாதிரி இருக்கு. ஆனா ரெண்டுல ஒண்ணு போன மழையில பார்த்ததா இருக்கலாம். அதே வரிதான், எந்த வருஷம் பார்த்தாலும் அதே வரி, அதுல நான் எப்படி எதைப் பிரிச்சு எடுக்க.

சரி, அடிச்சிருந்தாலும் என்ன. என் காப்பி இருக்கு. ஸ்கிரிப்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஓடுற கெர்னலை அப்படியே காப்பி எடுத்து குட்னு ஒரு பேர்ல தனியா வைப்பேன், எல்லாம் முடிஞ்சதும் அழிச்சிருவேன், அது என் வழக்கம், ஓல்டு போனாலும் குட் இருக்கும். இன்னைக்கு எடுத்தேன். எடுத்தேனே, டைப் அடிச்சது கண்ணுக்குள்ள நிக்குது. கண்ணுக்குள்ள நிக்கிறதுல என் ரூம் மேஜையும் நிக்குதே, மேஜையில டீ கிளாஸ் நிக்குதே. இன்னைக்கு நான் ரூம்ல இல்லையே. அப்ப அது வேற நாள். இன்னைக்கு அந்த இடத்துல என்ன நடந்துச்சு. லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே போனேன். செல்வின் பையோட வந்து நின்னாங்க, “வயலட்டு, எலும்போட வாங்கவா, தனிக்கறியா?” எதையாவது வாங்குங்கன்னேன். “எதையாவதுன்னா? போன வாரம் எலும்புன்னு நீதான் சத்தம் போட்ட.” அதுக்கு நான் ஒண்ணு சொல்ல, அவங்க ஒண்ணு சொல்ல, கதவைச் சாத்திட்டுப் போனாங்க. அப்புறம்? அப்புறம் ஸ்கிரிப்ட். நடுவுல ஒண்ணு இருந்திருக்கணும், அந்த இடம் வெறும் சுவரா இருக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ரீபூட்டுக்கு முன்னாடி கெர்னலையெல்லாம் வைக்கிற டைரக்டரியைப் பார்த்திருந்தா போதும், ரெண்டு எழுத்து அடிச்சா பேரெல்லாம் வரிசையா வந்திருக்கும். பாக்கல. நான் எதுக்குப் பாக்கணும், நான்தான் விழாதவளாச்சே. இப்ப மெஷின் எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கயிறும் இல்லாம இருட்டுக்குள்ள கிடக்கு, திரும்பத் திரும்ப நான் கேக்கேன், பதில் இல்லைங்குது. குக்கர் விசில் அடிச்சது. செல்வின் பேப்பர்லேருந்து தலையைத் தூக்கல.

கிங்ஸ்டனைக் கூப்பிட்டா ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு சொல்லுவான். கூப்பிட மாட்டேன். இன்னும் கொஞ்சம் பாப்போம். கூப்பிட்டா அவன் குரல்ல ஒரு மெதுவு வரும், சாவு வீட்டுல துக்கம் கேக்கிறவங்க குரல்ல வருமே, அது. அந்த மெதுவைக் கேட்டுட்டு நான் லைப்ரரியில கோந்துப் பாட்டிலோட உக்காரணும். நான் ஒட்டுற நம்பரை எவனும் படிக்கப் போறதில்லை, லைப்ரரிக்கு எவன் வாரான். நாளைக்குக் காலையில பிள்ளைங்க வந்து மார்க் எங்கேன்னு கேக்கும், கிளார்க் சொல்லுவா, வயலட் மேடம் ஏதோ போட்டாங்களாம், எல்லாம் போச்சாம். டிஸ்க்ல இருக்கிறது போகாது, அடிமரம் நிக்கலைன்னா டிஸ்க்கை எவன் திறக்கிறது, திறக்க ஒரு வழி இருக்கு, யுஎஸ்பியில ஒரு சிஸ்டம் போட்டு அதுலேருந்து எழுப்பி, அதை யார் செய்வா, கிங்ஸ்டன் செய்யணும், நான் சொல்லச் சொல்ல அவன் செய்யணும், ஏன் மேடம் ஓல்டு இருக்குமேன்னு கேப்பான், நான் என்ன சொல்லணும், ரெண்டு தடவை ஓட்டிட்டேன் கிங்ஸ்டன் சார்னு சொல்லணும். குடிச்சிட்டு வருவேனான்னு கேட்ட வாயால. போன் அடிக்குது. அவன்தான். அடிக்கட்டும்னு விட்டேன். நின்னுச்சு. மறுபடி அடிச்சது. “எடுக்கப் போறியா, இல்ல நான் எடுக்கட்டுமா”ன்னு செல்வின் கேட்டாங்க, எடுத்தேன்.

“மேடம், மெஷின் பாதியில நிக்குது.”

“என்ன தெரியுது?”

“மவுன்ட்ரூட்னு போட்டு பக்கத்துல கர்சர் மினுக்குது. அதுக்கு மேல போகல.”

மவுன்ட்ரூட். அப்படின்னா புது கெர்னல் கண்ணைத் திறந்துடுச்சு, ஆனா தன் டிஸ்க்கைக் காணாம எங்கேன்னு நம்மகிட்டயே கேக்குது, வீட்டு அட்ரஸை மறந்துட்டு ஜங்ஷன்ல நிக்கிறவன் மாதிரி. டிஸ்க்கை மெஷினோட இணைக்கிற கார்டு பழசு. இந்த வெர்ஷன்ல அதை இயக்குற டிரைவரைக் கைவிட்டிருப்பாங்க, வேணும்னா தனியாக் கேட்டுச் சேர்த்துக்கோன்னு அறிவிப்புல ஒரு வரி இருந்திருக்கும், நான் படிக்கிற அன்னைக்கு மாவுக்கட்டு அரிச்சிருக்கும், தாண்டிப் போயிருப்பேன். அது பெரிசில்ல. அதைத் திருத்திரலாம். முதல்ல பழசுல எழும்பணும். இப்ப அவன்கிட்ட ஓல்டைப் போடுங்கன்னு சொல்லணும், சொன்னா தெரிஞ்சிரும். சொல்லாம இருந்தா தெரியாது. சொல்லாம எவ்வளவு நேரம் இருக்க முடியும்.

“கிங்ஸ்டன் சார், ஒரு டிரைவரைச் சேர்க்கணும், அதை நான் பாத்துக்கிடுதேன், இப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்க. மெனு வந்ததும் நிறுத்தி, ஓல்டுன்னு இருக்கும், அதைப் போடுங்க.”

“சரி மேடம்.”

அவன் போனை மேஜை மேல வச்சான், என் மேஜை மேல, ஃபேன் எல்லாம் ஓன்னு கத்துறது எனக்குக் கேக்குது. அவன் தும்முறதும் கேக்குது. கர்த்தரே, ஒரே தடவை ஓட்டினேன்னு இருக்கட்டும். ரெண்டு மணி நேரம் முன்னாடி நடந்து முடிஞ்சதை இப்ப மாத்தித் தரச் சொல்லி ஜெபம் பண்ணுறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். நடந்தது நடந்ததுதான், ஓல்டுக்குள்ள யார் உட்காந்திருக்கான்னு ஏற்கெனவே முடிவாயிடுச்சு, எனக்குத்தான் தெரியல. ஃபேன் அடங்கிடுச்சு. கீபோர்டுல ஒரு தட்டு. காத்திருக்கேன். அவன் மூச்சு விடுறது கேக்குது. போனை எடுத்தான்.

“மேடம், இதுவும் அதே இடத்துலதான் நிக்குது. மவுன்ட்ரூட்.”

அப்ப ரெண்டு தடவை. மேல் அம்பு, என்ட்டர். என் விரலை நான் பார்த்தேன், ஒண்ணுமே தெரியாத மாதிரி லேப்டாப் ஓரத்துல கிடக்கு. வெட்டிப் போடலாம்னு வந்துச்சு. ஒரு விரல், ஒரு தட்டு, ஒரு ரூம். ஏன் மேடம் ஓல்டும் இப்படி நிக்குதுன்னு கேக்க வேண்டியவன் கேக்கல. கேளேன்டா. கேட்டுத் தொலை. நான் சொல்லிருதேன்.

“கிங்ஸ்டன் சார்.” என் குரல் எனக்கே சின்னதாக் கேட்டுச்சு. “நான் ரெண்டு தடவை ஓட்டிட்டேன்.”

“ம்.”

“பிரின்சிபல் இருக்காரா பக்கத்துல?”

“இல்ல மேடம். கமிட்டி மீட்டிங்ல இருக்கார். முடிஞ்சதும் வாரேன்னார்.”

“யுஎஸ்பி எதாவது இருந்தா...”

“மேடம்,” னான். ரீஸ்டார்ட் தட்டினான், ஃபேன் கத்தி அடங்குச்சு. “மெனுவுல மூணு கெர்னல் காட்டுது.”

மூணு. புதுசு ஒண்ணு, ஓல்டு ஒண்ணு. மூணாவது குட். எடுத்திருக்கேன். செல்வின் கதவைச் சாத்தின சத்தத்துக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் நடுவுல இருந்த அந்த வெறும் சுவர்ல நான் காப்பி எடுத்திருக்கேன், மூளை மறந்தாலும் வழக்கம் மறக்கல, நான்தான், நான் விழாதவதான். சிரிப்பு வந்துச்சு. எலும்பாவது கறியாவது, நான் என் வேலையைச் செஞ்சிருக்கேன். இவன்கிட்ட போய் ரெண்டு தடவைன்னு வாயை விட்டேனே, சை, ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா சொல்லியிருக்கவே வேண்டாம்.

“அது என்னோட குட். அதைப் போடுங்க.”

“சரி மேடம். போடுதேன்.”

‘சரி’யில ஏதோ இருந்துச்சு. ரொம்பச் சீக்கிரம் சொன்ன சரி. என் மூக்குக்கு அந்த மாதிரிச் சரியெல்லாம் நல்லாத் தெரியும்.

“இருங்க. பேர் குட்னுதான இருக்கு?”

“போட்டுப் பாக்கலாம் மேடம், பேர்ல என்ன இருக்கு.”

“பேரைப் படிங்க கிங்ஸ்டன் சார்.”

தும்மினான். தும்மிட்டு மூக்கை உறிஞ்சினான். அப்புறம் கைக்குட்டை இல்லாத குரல்ல, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரல்ல படிச்சான்.

“பிஃபோர் வயலட்.”

பிஃபோர் வயலட். வயலட் கை வைக்கிறதுக்கு முன்னாடி. மேடம்கூட இல்லை, வெறும் வயலட். அடுக்களையில செல்வின் அடுப்பை அணைக்கிறாங்க. புயல் வரும்போது கூரை மேல கல்லு வைப்பாங்களே, அப்படி எனக்கு முன்னாடி ஒரு கல்லு வச்சிருக்கான். என் ரூமுக்குள்ள, என் மெஷினுக்குள்ள, என் பேரைப் போட்டு. காலையிலேயே வந்தது இதுக்குத்தான், நான் லேப்டாப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி. கத்தணும்னு இருந்துச்சு, யாரைக் கேட்டு என் மெஷினைத் தொட்டேன்னு. கத்துனா அந்த மெனுவை மூடிட்டு அவன் வீட்டுக்குப் போலாம், போக அவனுக்கு எல்லா நியாயமும் இருக்கு.

“போடுங்க,” ன்னேன்.

தட்டினான். ஃபேன் சத்தம். அப்புறம் என் மடியில, பதில் இல்லை பதில் இல்லைன்னு இறங்கிக்கிட்டிருந்த வரிக்குக் கீழே ஒரு பதில் வந்துச்சு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் வந்துக்கிட்டே இருந்துச்சு. உள்ளே போய்ப் பார்த்தேன், மார்க் இருக்கு, மெயில் இருக்கு, எல்லாம் நேத்து வச்ச இடத்துல வச்சபடி. அழுகை வரல. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

“எத்தனை நாளா இப்படி எடுத்து வைக்கீங்க?”

“அந்த ஸ்கிரிப்ட்டைப் பார்த்ததுலேருந்து மேடம். நீங்க வீட்டுலேருந்து அப்கிரேடு பண்ணும்போதெல்லாம். முடிஞ்சதும் அழிச்சிருவேன்.”

“இதுக்கு முன்னாடி தேவைப்பட்டிருக்கா?”

அவன் மறுபடி தும்மினான். சொல்ல வேண்டியதில்ல. போன மழை. தெருவெல்லாம் தண்ணி, கரண்ட் போச்சு மேடம். போயிருக்காது. லைட் எரிய எரிய உக்காந்து இதே மெனுவுல இதே பேரைத் தேர்ந்தெடுத்திருப்பான், நான் இங்கே கரண்டைத் திட்டிக்கிட்டிருந்திருக்கேன். நான் சாவியை வாங்கின நாள்லேருந்து இந்த மெஷின் விழுந்ததே இல்லைன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன், அவன் முன்னாலயே எத்தனை தடவை. அப்பவும் கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டு நின்னான்.

“ஏன் சொல்லல?” கேட்டேன். “சொல்லியிருந்தா அன்னைக்கே ரூம் உங்களுக்கு வந்திருக்கும்ல.”

“ஐயோ, எனக்கு அந்த ரூம் வேண்டாம் மேடம்,” னான், நிஜமாவே பதறின மாதிரி. “எனக்கு சைனஸ். உங்க ஏசியில பத்து நிமிஷம் நின்னா ராத்திரி தலை வெடிக்கும். பிரின்சிபல்ட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன், மேடமே பாத்துக்கிடட்டும், எனக்கு வேண்டாம்னு. மெஷின் நின்னா சாவியை என் தலையில கட்டிருவார். அதான்.”

அதான். இரக்கம் கிடையாது, மரியாதை கிடையாது, மூக்கடைப்பு. நான் இத்தனை வருஷமா கதவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னது உள்ளே வர விருப்பமே இல்லாத ஒருத்தனுக்கு எதிரா. பகையா இருந்தாலாவது நான் ஒரு ஆளா இருந்திருப்பேன். இப்பவும் அவனை எனக்குப் பிடிக்கல, முன்னைவிட அதிகமாவே பிடிக்கல, காப்பாத்துனவனைப் பிடிக்கும்னு யார் சொன்னது. நன்றின்னு ஒரு சொல் இருக்கு. காலையில அவன் போன் பண்ணப்ப பொய்யா அதைச் சொல்லி வீணாக்கிட்டேன், இப்ப வாயில வர மாட்டேங்குது. அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம், செருப்புச் சத்தம், பிரின்சிபல் குரல், என்ன சார், எப்படிப் போகுதுன்னு. கிங்ஸ்டன் போனைக் கையால மூடல. எனக்குக் கேக்கட்டும்னு விட்டானா, மறந்தானா தெரியல.

“மெஷின் நல்லா ஓடுது சார். ஒரு டிரைவர் மட்டும் சேர்க்கணுமாம், அதைச் சேர்த்துட்டு மேடம் அடுத்த வாரம் மாத்துவாங்க. மார்க்குக்கு ஒண்ணும் ஆகல.”

“குட், குட்,” ன்னுட்டு செருப்புச் சத்தம் போயிடுச்சு. செல்வின் தட்டுல சோறும் கறியும் கொண்டுவந்து லேப்டாப் பக்கத்துல வச்சாங்க, எலும்போடதான் வாங்கியிருக்காங்க. ஸ்கிரீன்ல அந்த டைரக்டரியைத் திறந்து வச்சிருக்கேன். மூணு பேர் வரிசையா இருக்கு, மூணாவது என் பேர். ஒரு கட்டளையில அழிச்சிரலாம், விரல் அதுக்கும் தயாராத்தான் இருக்கு. அழிக்கல.

“மேடம்,” னான் கிங்ஸ்டன், குரலைத் தாழ்த்தி. “அந்தப் பேர். சும்மா அடையாளத்துக்கு வச்சது. வேற ஏதாவது பேர் மாத்திரட்டுமா?”

“வேண்டாம்,” ன்னேன். “சரியாத்தான் வச்சிருக்கீங்க.”